அரைமணி நேரம் போதும்; ஆனால் உட்காரும் முன்பே கதை தொடங்கியிருக்க வேண்டும்

கேள்வி: எனக்கு 38 வயது. வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். கல்லூரி நாட்களில் கதைகள் எழுதுவேன். இப்போது எல்லோரும் தூங்கிய பிறகு அரைமணி நேரம் கிடைக்கிறது. நோட்டைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை, கருவும் கிடைப்பதில்லை. மூன்று வருடமாக ஒரு கதை பாதியில் கிடக்கிறது. மறுபடி எழுத என்ன வழி?

பதில்: அரைமணி நேரம் குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டாம். அதில் இருபது நிமிடம் ‘எங்கே விட்டோம், அடுத்து என்ன’ என்று தேடுவதிலேயே கரைந்துவிடுகிறது. உங்களுக்குத் தடையாக இருப்பது அந்தத் தேடல்தான். அதை நோட்டைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடலாம்.

எழுதி முடித்து எழும்போது, அடுத்து வரப்போவதை ஒரே வரியில் குறித்து வையுங்கள். ‘அவள் கதவைத் தட்டுகிறாள், உள்ளே டிவி சத்தம் சட்டென்று நிற்கிறது’ என்கிற அளவுக்குப் போதும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திக்கொள்வதாக அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். முழுநேர எழுத்தாளருக்கே இது தேவைப்பட்டது என்றால், நாள் முழுக்க வேறு வேலை பார்க்கும் நமக்கு எவ்வளவு தேவை! ஊற்று வற்றும்வரை இறைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் கிணற்றுக்குத்தான் வருவோம்.

அந்த ஒரு வரியிலிருந்து ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிவியை நிறுத்தியது யார்? பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, பேருந்தில் போகும்போது அது மட்டும் மனதில் ஓடட்டும். ‘கதையைப் பற்றி யோசிக்கிறேன்’ என்று பொதுவாக உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ அலையும். ஒரே கேள்வியாக இருந்தால் கை வேலையில் இருக்கும்போது பதில் தானாக வந்து நிற்கும். இரவு நீங்கள் செய்ய வேண்டியது அதை இறக்கி வைப்பது மட்டும்தான்.

சரி, கரு? பெரிய சம்பவத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒருமுறை மருத்துவமனை வராந்தாவில் ஒருவரைப் பார்த்தேன். மடியில் ஒரு பெண்ணின் கைப்பை, அதை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவர் ஜிப்பைத் தொட்டார், திறக்கவில்லை, கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நான் பார்த்தது. அன்று மாலை குறிப்பேட்டில் எழுதினேன்: ‘ஏன் திறக்கவில்லை?’ மனைவியின் பையைத் திறந்து பழக்கமில்லாத மனிதரா? அழைப்பது யார் என்று தெரிந்தவரா? செய்தியைச் சொல்ல வேண்டிவருமே என்ற பயமா? மூன்றும் மூன்று கதைகள். நான் கடைசியை எடுத்துக்கொண்டேன்.

பார்த்ததை மட்டும் குறித்தால் அது நாட்குறிப்பாக நின்றுவிடும். பக்கத்தில் ஒரு ‘ஏன்’ போடுங்கள், கதை அங்கேதான் முளைக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு ‘ஏன்’. போனிலும் குறிக்கலாம். ஆனால் அன்றைக்கே குறித்துவிடுங்கள். ஜிப்பைத் தொட்ட அந்த விரலைப் போன்ற நுணுக்கங்கள்தான் முதலில் மறந்துபோகும்.

அளவைப் பொறுத்தவரை, 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் அந்தோணி டிரோலப்பைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் எழுதினார். மொத்தம் 47 நாவல்கள். அந்த வேகத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் உட்காரும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 150 சொல் போதும். வாரம் ஐந்து நாள் என்றால் நான்கு வாரத்தில் 3,000 சொல், அதாவது ஒரு சிறுகதையின் முதல் வரைவு. நன்றாக இல்லையே என்று நடுவில் திருத்த ஆரம்பிக்காதீர்கள், அது இரண்டாவது வரைவின் வேலை.

இரவு நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த தலையிடம் புது வரி கேட்பது கடினம். ஒரு வாரம் மதிய இடைவேளையிலோ, வீடு விழிப்பதற்குச் சற்று முன்போ எழுதிப் பாருங்கள். ஆனால் தூக்கத்தைக் குறைத்து மட்டும் எழுத வேண்டாம். பத்து நாளில் உடம்பும் எழுத்தும் சேர்ந்தே படுத்துவிடும். அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். ‘இந்த இருபது நிமிடம் அம்மா எழுதுகிறாள்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் பிள்ளைகள் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வார்கள்.

பாதியில் நிற்கும் அந்தக் கதையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய நடையில் குறை கண்டுபிடித்தே அரைமணியும் போய்விடும். கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள், அதில் இருப்பவரைப் பற்றி ஒரு ‘ஏன்’ எழுதி வைத்துவிட்டு நோட்டை மூடுங்கள். இன்றைக்கு அவ்வளவு போதும். நாளை காலை வேலைக்குப் போகும் வழியில் அவருக்குப் பதில் சொல்லுங்கள்.