ஒரே எம்.எம். இரண்டு லென்ஸில் வந்தால் காசு வீணா? – கேள்வி பதில்

லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். கையில் இருக்கும் ஜூமின் எம்.எம். அளவும் (ஃபோக்கல் லெங்த்; எண் குறைந்தால் காட்சி அகலமாகும், கூடினால் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும்) வாங்கப்போகும் ஜூமின் அளவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாமா? தாராளமாக ஏறலாம். எங்கே ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணா, என் கேனன் க்ராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சிறிய சென்சார்) கேமராவுக்கு 18-55, 55-250 இரண்டும் இருக்கின்றன. திருவிழாவில் லென்ஸ் மாற்றியே நேரம் போகிறது. 18-135 வாங்கினால் 55-லிருந்து 135 வரை இரண்டிலும் வருமே? (ஈரோடு)

வரட்டும் தம்பி, உங்களுக்கு அதுதான் தேவை. ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்குவது, எண்களைப் பார்க்கும்போது கச்சிதமாகத் தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒருவரை மார்பளவுக்கு எடுப்பது பெரும்பாலும் 45-க்கும் 80-க்கும் நடுவில் விழும். நீங்கள் அதிகம் எடுக்கும் இடத்திலேயே எல்லை இருக்கிறது. தேர் நகரும் நேரத்தில் பையைத் திறந்துகொண்டு நிற்பது அதனால்தான். 18-135 வந்தால் மாற்ற வேண்டிய இடம் 135-க்குத் தள்ளிப்போகும்.

வாங்குவதற்கு முன் லைட்ரூம் மென்பொருளில் பழைய படங்களை ஃபோக்கல் லெங்த் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 55-ஐச் சுற்றிப் படங்கள் குவிந்திருந்தால் வாங்குங்கள். 20-க்குக் கீழும் 200-க்கு மேலும்தான் நிறைய இருக்கின்றன என்றால், இருப்பதே போதும்.

அப்புறம், இரண்டு லென்ஸிலும் 55 இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 18-55-ஐ 55-க்கு நீட்டினால் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது). 55-250 அதே 55-ல் எஃப்/4 திறக்கும். இரண்டு மடங்கு வெளிச்சம்! ஆனால் 18-55 கால் மீட்டர் நெருக்கத்திலும் ஃபோகஸ் ஆகும், 55-250 எஸ்.டி.எம். (கேனனின் ஒரு ஃபோகஸ் மோட்டார் வகை) லென்ஸுக்கு 85 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். பூக்கடையில் மல்லிகை தொடுக்கும் விரல்களுக்கு முதல் லென்ஸ், தீவட்டி வெளிச்சத்தில் ஒரு முகத்துக்கு இரண்டாவது.

கல்யாணம் எடுக்கிறேன் சார். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடி, அதாவது கேமரா, ஒன்றுதான். 70-200 எஃப்/2.8 இருக்கிறது. அதனோடு சேர 24-70 எஃப்/2.8 வாங்கவா, 24-105 எஃப்/4 வாங்கவா? (மதுரை)

ஒற்றை பாடி என்றால் நான் 24-105 பக்கம் நிற்பேன். தாலி கட்டும்போது லென்ஸ் மாற்ற உங்களுக்கு யார் நேரம் தருவார்கள்? மணவறை முழுதும் 24-ல், அடுத்த நொடி பெண்ணின் முகம் 105-ல். அந்த 70-105 இரண்டு லென்ஸிலும் வருவதால்தான் இது முடிகிறது.

இதில் இழப்பும் உண்டு. எஃப்/2.8-ல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளிகள் தெரியும்) 3200 வைத்த இடத்தில் எஃப்/4-க்கு 6400 வைக்க வேண்டும். வீடியோ லைட் எரியும் மண்டபத்தில் சமாளிக்கலாம். விடியற்காலையில் வீட்டுக்குள் நடக்கும் சடங்கு என்றால் சிரமம்தான். அதற்கு 85 எஃப்/1.8 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) ஒன்று பையில் இருக்கட்டும். அந்த 85 இரண்டு ஜூமிலும் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எஃப்/4-ஐ விட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் தரும்.

இரண்டாவது பாடி வாங்கினால் கணக்கு மாறிவிடும். ஒரு தோளில் 24-70, மறு தோளில் 70-200. அப்போது 70-ல் மாற வேண்டியிருப்பது ஒரு பொருட்டே இல்லை.

என் 18-55-லேயே 50 இருக்கிறது. 50 எஃப்/1.8 தனியாக எதற்கு? வீட்டுக்குள் பிள்ளைகளை எடுத்தால் படம் கலங்குகிறது. (கோவை)

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது அக்கா. உங்கள் ஜூம் 50-ல் ஏறக்குறைய எஃப்/5.6 வரைதான் திறக்கும். அதற்கும் எஃப்/1.8-க்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். 1/15 நொடியில் கலங்கிய படத்தை 1/125 நொடியில் எடுக்கலாம். ஓடும் பிள்ளைக்கு அதுவே குறைவுதான், ஆனாலும் 1/15-க்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது. உடனே வாங்குங்கள்.

24-70, 100-400 வைத்திருக்கிறேன். 70-க்கும் 100-க்கும் நடுவே ஓட்டை விழுகிறது. அதை எதை வைத்து அடைப்பது? (யாழ்ப்பாணம்)

அடைக்கவே வேண்டாம். 70-ல் எடுத்து, 100-ல் எடுத்த அளவுக்கு ஓரங்களை வெட்டுங்கள், அதாவது க்ராப் செய்யுங்கள். 24 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 12 மிஞ்சும். ஏ4 அளவுக்கு மேலேயே நன்றாக அச்சிடலாம். இரண்டடி முன்னே வைக்க முடிந்தால் க்ராப்கூட வேண்டாம்.

பணம் இருந்தால் வைட் பக்கம், அதாவது 24-க்கும் கீழே, செலவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் 70-ன் பார்வைக் கோணம் 34 டிகிரி, 100-க்கு 24. நடுவில் 30 எம்.எம். போனதில் இழந்தது 10 டிகிரி. 24-க்கு 84 டிகிரி, 20-க்கு 94. அங்கே வெறும் 4 எம்.எம்.முக்கே அதே 10 டிகிரி போய்விடுகிறது! கோயில் பிராகாரத்தில் முதுகு சுவரில் முட்டிய பிறகு பின்னால் போக வழியில்லை. எடுக்காமல் விட்ட ஓரத்தை க்ராப் கொண்டுவராது. டெலி (எம்.எம். கூடிய) பக்கத்து ஓட்டையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம்தான்.

க்ராப் சென்சாரில் இந்தக் கணக்கு மாறுமா? (திருச்சி)

ஏறும் அளவு மாறாது, இரண்டு லென்ஸும் ஒரே விகிதத்தில்தான் பெருகும். ஆனால் 1.5 க்ராப்பில் (எம்.எம். எண்ணை 1.5-ஆல் பெருக்க வேண்டிய சென்சார்) 24-70 என்பது 36-105 போலத் தெரியும். வைட் போய்விடும், அதைச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வேடந்தாங்கலுக்காக 150-600 வாங்குகிறேன். பழைய 70-300-ஐ விற்றுவிடவா? (செங்கல்பட்டு)

அவசரப்படாதீர்கள். கரையிலிருந்து மரத்தின் மேல் கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் எடுக்க 600 வேண்டும், சரி. ஆனால் அந்த லென்ஸ்கள் இரண்டு கிலோ வாக்கில் இருக்கும், பெரும்பாலானவற்றில் இரண்டு மீட்டருக்குள் வந்த எதிலும் ஃபோகஸ் ஆகாது. பாதையோரத்தில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்தால் 70-300தான் கை கொடுக்கும்.

பறக்கும் பறவையை 600-ல் தேடாதீர்கள். ஃபுல் ஃபிரேமில் அதன் கோணம் நாலு டிகிரிதான். 150-ல் பிடித்து, ஃபோகஸ் ஆனதும் ஜூம் செய்யுங்கள்.

விற்பதற்கு முன், 150-600-ஐ ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து இரண்டையும் கொண்டுபோங்கள். அன்று 70-300 பையை விட்டு வெளியே வரவே இல்லை என்றால் விற்றுவிடலாம்.