கணினி கேள்வி–பதில்: 777 போடலாமா?

கேள்வி: பல பேர் பகிர்ந்துகொள்ளும் லினக்ஸ் சர்வரில் என் தளம் இருக்கிறது. ஹோம் டைரக்டரிக்குள் உள்ள பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு 755, கோப்புகளுக்கு 644 கொடுத்தும் '403 ஃபர்பிடன்' (அனுமதி இல்லை) என்றே வருகிறது. 777 போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இந்த எண்களின் மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோரின் உரிமைகள்; படிக்க 4, எழுத 2, எக்ஸிக்யூட் (ஓட்ட) 1 என்று கூட்டி வருபவை. கோளாறு பெரும்பாலும் அந்த ஃபோல்டரில் இல்லை, அதற்கு மேலே இருக்கும். ஒரு கோப்பை எடுக்க, தளத்தை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சி உச்சியிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராகக் கடந்து இறங்க வேண்டும். ஃபோல்டரைப் பொறுத்தவரை 'எக்ஸிக்யூட்' என்பது அதைக் கடந்து செல்லும் உரிமைதான். ஹோம் டைரக்டரி 700 அல்லது 750 என்றிருந்தால் அப்பாச்சி அங்கேயே நின்றுவிடும். உபுண்டு 21.04 முதல் புதிய கணக்குகளின் ஹோம் 750 ஆகத்தான் உருவாகிறது.

ஹோமுக்கு 711 கொடுங்கள். மற்றவர்கள் அதைக் கடந்து போகலாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறந்துவிடலாம். எனவே ஹோமில் உள்ள சொந்தக் கோப்புகளை 600 ஆக்கிவிடுங்கள். எந்தப் படியில் தடை என்று பார்க்க, 'நேம்ஐ' கட்டளையை 'எல்' விருப்பத்தோடு முழுப் பாதைக்கும் ஓட்டினால் போதும், ஒவ்வொரு படியின் உரிமையும் வரிசையாக வந்துவிடும்.

எல்லாப் படியும் சரியாக இருந்தும் 403 போகவில்லையா? ரெட்ஹாட் வகை சர்வர் என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். வெப் சர்வர் ஹோம் டைரக்டரிகளைத் தொட அது தனியாக அனுமதிக்க வேண்டும். அதை நிர்வாகிதான் திறந்துவிட முடியும்.

கேள்வி: ஃபோல்டர் முழுவதற்கும் சேர்த்து, உரிமையை மாற்றும் 'சிஎச்மோட்' கட்டளையில் 644 கொடுத்துவிட்டேன். இப்போது துணை ஃபோல்டர் எதற்குள்ளும் போக முடியவில்லை.

பதில்: கோப்போடு சேர்த்து ஃபோல்டர்களின் எக்ஸிக்யூட் உரிமையும் போய்விட்டது. 'ஃபைண்ட்' கட்டளையில் வகை 'டி' என்று ஃபோல்டர்களை மட்டும் பிடித்து 755, பிறகு வகை 'எஃப்' என்று கோப்புகளை மட்டும் பிடித்து 644. இந்த வரிசை முக்கியம். ஃபோல்டர்கள் திறக்காமல் கோப்புகளை எட்ட முடியாது.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உள்ள பிஎச்பி (தளத்தை இயக்கும் நிரல்மொழி) கோப்புக்கு என்ன எண் கொடுக்க வேண்டும்?

பதில்: எண்ணைவிட முக்கியம், பிஎச்பி யார் பெயரில் ஓடுகிறது என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணைச் சொல்வது வீண். 644 என்றால் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம் என்பது வெளிப்படை. பலருக்குத் தெரியாதது அடுத்தது: பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே, எல்லாருக்கும் பொதுவான ஒரே கணக்கில் ஓடினால், கோப்பை 640 ஆக்கி அப்பாச்சியின் குழுவுக்கு மாற்றினாலும் பயனில்லை. பக்கத்துக் கணக்குக்காரர் தன் தளத்தில் நாலு வரி பிஎச்பி எழுதினால், அதுவும் அதே அப்பாச்சியின் பெயரில்தான் ஓடும். உங்கள் பாஸ்வேர்ட் அவர் கையில்.

உண்மையான தீர்வு, ஒவ்வொரு பயனருக்கும் தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல், அதாவது பிஎச்பியை அவரவர் கணக்கில் தனியாக ஓட்டும் அமைப்பு. அப்போது உங்கள் பிஎச்பி உங்கள் பெயரிலேயே ஓடும். பாஸ்வேர்ட் கோப்பை 600 ஆக்கலாம், தளம் பாதிக்கப்படாது. படங்கள், ஸ்டைல் கோப்புகளை அப்பாச்சி நேரடியாகப் படிப்பதால் அவை 644 ஆகவே இருக்கட்டும். படம் ஏற்றும் ஃபோல்டருக்கும் 777 தேவைப்படாது, 755 போதும். அந்த ஃபோல்டரில் மட்டும் பிஎச்பி ஓடாதபடி தடுத்து வைக்கச் சொல்லுங்கள். படம் என்ற பெயரில் ஸ்கிரிப்ட் ஏற்றுவது பழைய தந்திரம்.

பொதுக் கணக்கில் ஓடும் சர்வரில் இன்னொரு தொல்லை உண்டு. தளம் தானாக உருவாக்கும் துணை ஃபோல்டர்கள் அப்பாச்சிக்குச் சொந்தமாகிவிடும். அவற்றுக்குள் கோப்பு இருந்தால் எஃப்டிபி வழியாக நீங்கள் அழிக்க முடியாது. உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளையும் ரூட்டுக்கு (நிர்வாகியின் கணக்குக்கு) மட்டுமே பலிக்கும்.

கேள்வி: அவசரத்தில் ஹோம் முழுவதற்கும் 777 போட்டுவிட்டேன். அதன் பிறகு எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல் இல்லாமல் சர்வருக்குள் நுழைய உதவும் கோப்பு) வேலை செய்யவில்லை, சிஜிஐ ஸ்கிரிப்ட்டும் (சர்வரில் ஓடும் நிரல்) '500' என்ற சர்வர் பிழையைக் காட்டுகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் சாவியை எஸ்எஸ்எச் நம்பாது. ஸ்கிரிப்ட்டை அதன் உரிமையாளர் பெயரில் ஓட்டும் சூஎக்ஸெக் வசதியைப் பயன்படுத்தும் அப்பாச்சியும் பிறர் எழுதக்கூடிய ஸ்கிரிப்ட்டை ஓட்ட மறுக்கும். ஹோம் 711, எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, அதன் சாவிக் கோப்புகள் 600, சிஜிஐ ஸ்கிரிப்ட்டும் அது இருக்கும் ஃபோல்டரும் 755. கடவுச்சொல்லால் நுழைய முடிந்தால் நீங்களே மாற்றிவிடலாம், இல்லையேல் நிர்வாகியிடம் கேளுங்கள். 777 ஆக இருந்த நேரத்தில் புதிதாக ஏதாவது கோப்பு முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.