சிவப்பும் பழுப்பும் ஒரே பூச்சியா?

அன்புள்ள அண்ணா,

என் தம்பி கேமரூனில் யாவுண்டே பக்கம் சாலை வேலையில் இருக்கிறான். விடுமுறை நாளில் காட்டோரம் போய்ப் படம் எடுத்து அனுப்புவான். போன வாரம் இரண்டு பட்டாம்பூச்சிகள். ஒன்று முழுக்க ரத்தச் சிவப்பு, இன்னொன்று பழுப்பில் வெளிர்பட்டை. இரண்டும் சைமோத்தோயி சங்காரிஸ், ஒன்று ஆண், ஒன்று பெண் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். என்னால் நம்ப முடியவில்லை. நிறமும் கோலமும் இவ்வளவு மாறினால் அப்புறம் எதை வைத்து இனம் பிரிக்கிறார்கள்? இவை நம் பக்கம் ஏன் இல்லை?

ச., தேனி

அன்புள்ள ச.,

தாராளமாக நம்பலாம். சங்காரிஸின் ஆண் சிவப்பு, பெண் பழுப்பு. இந்த ஒரு இனம் மட்டுமல்ல, சைமோத்தோயி என்ற பேரினத்தில் உள்ள ஏறத்தாழ 80 இனங்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: ஆண் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பாலாடை நிறத்திலோ பளிச்சென்று இருக்கும், பெண் பழுப்பு, கறுப்பு, வெள்ளை என்று நிழலோடு கலந்துவிடும். சியரா லியோனில் தொடங்கி காங்கோ வழியாக உகாண்டா வரைக்கும், அதற்கும் கிழக்கே கென்யாவின் ககமேகா காடு வரைக்கும் மழைக்காடுகளில் வாழ்கின்றன. சில இனங்கள் தென்னாப்பிரிக்கா வரை இறங்கியிருக்கின்றன.

நீங்கள் கேட்ட கேள்வி லேசானதில்லை, ஏனென்றால் நிறம் இரண்டு வழியில் ஏமாற்றும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருப்பது ஒன்று. இன்னொன்று, வேறு வேறு இனங்கள் ஒரே மாதிரி இருப்பது: சங்காரிஸ், கொக்கினாட்டா, மபில்லெயி மூன்றின் ஆண்களும் சிவப்புதான். பெண்களிலோ ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு மூன்று வடிவம் வரும். அதனால் இறக்கையின் மேல்புறப் படம் ஒன்றை மட்டும் பார்த்து யாராவது அடித்துப் பேர் சொன்னால் நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன்.

உடம்பை எடுத்துக்கொண்டால், நிம்ஃபாலிடே குடும்பத்துப் பூச்சிகள் பெரும்பாலானவற்றைப் போல இதற்கும் முன்னங்கால் இரண்டும் சிறுத்துப்போய் மார்போடு ஒட்டிக் கிடக்கும், நிற்பது நான்கு காலில். இறக்கையின் அடிப்புறம் காய்ந்த இலை நிறம், குறுக்கே நடுநரம்பு போல ஒரு கோடு. இறக்கையை மூடி உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு அப்படியே காணாமல் போய்விடும். பூவைவிட விழுந்து புளித்த பழத்தைத்தான் அதிகம் தேடும், ஆய்வாளர்கள் நொதித்த வாழைப்பழம் வைத்து வலைக்கூண்டில் பிடிப்பது அதனால்தான். நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி, இன்றும் பார்க்கிறார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு வழி. புழு எந்தச் செடியைத் தின்கிறது என்று பார்ப்பது. கேமரூனில் ழான்-லூயி அமியே, காஸ்தோன் அசுந்தோங் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவர் விலங்கியல், மற்றவர் தாவரவியல், 1996இல் இதை விரிவாக எழுதினார்கள். அங்கே சைமோத்தோயி இனங்கள் பலவற்றின் புழுக்கள் ரினோரியா என்ற செடிகளை மட்டுமே தின்கின்றன. அதிலும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒன்றோ இரண்டோ ரினோரியா இனம்தான், பக்கத்திலேயே வேறு ரினோரியா தழைத்து நின்றாலும் தொடாது. ரினோரியா பெருமரங்களின் நிழலில் வளரும் புதர், சிறுமரம். நம் ஓரிதழ்த்தாமரையின் குடும்பம். பூ இல்லாத நேரத்தில் ஒரு ரினோரியாவையும் இன்னொன்றையும் பிரித்துச் சொல்லத் தாவரவியலாளர்களே திணறுவார்கள், இலை அவ்வளவு ஒத்திருக்கும். அப்போது இலைமேல் இருக்கும் புழு, செடி இன்னதென்று கண்டுபிடிக்க உதவும். செடியை வைத்துப் பூச்சியை அறிகிறோம், பூச்சியை வைத்துச் செடியையும் அறிகிறோம். வகைப்பாட்டில் இதைவிட அழகான விஷயம் எனக்குத் தெரிந்து குறைவு.

அப்புறம் மரபணு ஆய்வு வந்தது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்காவில் காலநிலை குளிர்ந்து வறண்டு, காடு சுருங்கிப் புல்வெளி பரவிய மயோசீன் காலப் பிற்பகுதியோடு (ஏறத்தாழ ஒரு கோடியிலிருந்து அரைக் கோடி ஆண்டுக்கு முன்) சைமோத்தோயி இனங்கள் பெருகிய வேகத்தைச் சேர்த்துப் பார்த்தது; இரண்டும் ஒத்துப்போயின. மிக நெருங்கிய உறவு ஹார்மா என்ற இன்னொரு ஆப்பிரிக்கப் பேரினம்.

நம் பக்கம் ஏன் இல்லை என்றால், இந்தக் கிளை ஆப்பிரிக்கக் காடுகளுக்குள்ளேயே பிரிந்து பெருகியது. ஒரே துணைக்குடும்பமான லிமெனிடிடினேயில் நமக்கும் கமாண்டர், காமன் செய்லர், மாமர இலை தின்னும் காமன் பேரன் என்ற பட்டாம்பூச்சிகள் எல்லாம் உண்டு, தேனிப் பக்கமே பார்க்கலாம். ரினோரியா தின்னாத சைமோத்தோயிகள் பெரும்பாலும் அக்காரியேசி என்ற குடும்பத்து மரங்களில் வளர்கின்றன. உதாரணமாக, சைமோத்தோயி சீனிஸின் புழு கலோன்கோபா மரத்தின் இலையைத் தின்கிறது. நம் நீரடிமுத்து மரமும் அதே குடும்பம். அதன் இலையைத் தின்று வளர்வது தமிழ் மறவன், 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதுதான். பூச்சிகள் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை, தாவரங்களுக்குத்தான் உறவு. நீரடிமுத்து எண்ணெயைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தினார்கள், மேற்கு ஆப்பிரிக்காவில் கலோன்கோபா விதை எண்ணெயையும் அதே நோய்க்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தம்பி சாலை வேலையில் இருக்கிறார் என்று எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். கேமரூனில் எந்த ரினோரியா வளர்கிறது என்பதை வைத்தே அது எந்த வகைக் காடு என்று சொல்லலாம் என்று அசுந்தோங் காட்டினார். மரம் வெட்டவோ சாலை போடவோ அடித்தளப் புதரை வழித்தெடுத்துவிட்டால், மேலே நாலு பெருமரம் மிச்சம் நின்றாலும் அந்தப் புதரை நம்பிய பூச்சிக்கு அங்கே இடமில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், அவர் இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அடுத்த முறை இறக்கை மூடியிருக்கும்போது அடிப்புறத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பெண் பூச்சி தாழப் பறந்து இலை இலையாக உட்கார்ந்து எழுந்தால் அந்தச் செடியின் இலை, பட்டை, காய் இருந்தால் காய், எல்லாம் எடுத்து அனுப்பட்டும். சேர்ந்து பார்ப்போம்.