குழலுக்குள்ள ஒட்டின செம்பு: கேள்வியும் பதிலும்

உவர்மலையிலிருந்து: அண்ணை, கனடாவில இருக்கிற தம்பி மான் வேட்டைக்கு 308 றைபிள் வைச்சிருக்கிறான். குழலில ஒட்டின செம்பைக் கரைக்கிற அமோனியா மருந்து போட்டு எவ்வளவு துடைச்சாலும், செம்பு கரைஞ்சு துணி நீலமாத்தான் வருதாம். செம்பு போகவே போகாதோ?

பதில்: முதல்ல என்ன பிரஷ் எண்டு கேளுங்கோ. வெண்கலப் பிரஷிலயும் துடைக்கிற கோலின்ர பித்தளை நுனியிலயும் செம்பு இருக்கு. அமோனியா மருந்து அதுகளையும் கரைக்கும். கரையிறது பிரஷ், பழி குழலுக்கு. நைலோன் பிரஷுக்கு மாறச் சொல்லுங்கோ.

மற்றது, செம்பு தனியா ஒட்டிக்கொண்டு இருக்காது. கரி, அதுக்கு மேல சன்னத்தின்ர செம்பு உறை, திரும்பக் கரி எண்டு அடுக்கடுக்கா ஏறும். அமோனியா கரியில பெரிசா வேலை செய்யாது. அதால கரி எடுக்கிற மருந்து போட்டு, நல்லாத் துடைச்சு, பிறகு செம்பு மருந்து. திரும்பவும் நீலம் வந்தால் திரும்பவும் கரி மருந்திலயிருந்து தொடங்கவேணும். போத்தலில எழுதின நேரத்துக்கு மேல ஊற விடக்கூடாது. ஸ்வீட்ஸ் 7.62 மாதிரிக் கடுமையான மருந்துக்கு 15 நிமிஷம்தான் எல்லை.

றைபிள் வெறுமையோ எண்டு பார்த்துட்டு, கோலை ரவை போடுற பக்கத்தால விடச் சொல்லுங்கோ. வாய்ப்பக்கத்தால விட்டு விளிம்பு தேய்ஞ்சால் குறி போயிடும். அந்த வாய்க்குள்ள டோர்ச் அடிச்சுப் பார்த்தால், சன்னத்தைச் சுழற்றுறதுக்கு உள்ளுக்கு வெட்டின வரிகளுக்கு மேல செம்பு மஞ்சள் கீறலாத் தெரியும். கொஞ்சம் மிச்சம் இருந்தும் சுடுற சன்னம் ஒரே இடத்தில பிடிக்குதெண்டால் விட்டுடலாம். மினுக்கி மினுக்கியே குழலைக் கெடுத்த ஆக்கள் கனபேர்.

நிலாவெளியிலிருந்து: அமோனியாவோட கழிவறைக்கு ஊத்துற குளோரினையும் சேர்த்தால் கெதியாப் போகுமோ?

பதில்: ஐயோ வேண்டாம். நச்சு வாயு கிளம்பும். குளோரின் உருக்கையும் அரிக்கும்.

தம்பலகாமத்திலிருந்து: ஐயா, வயலுக்குப் பண்டி வராமல் அனுமதிப்பத்திரத்தோட 12 போர் துவக்கு வைச்சிருக்கிறன். செம்பு மருந்து வாங்கவேணுமோ?

பதில்: காசை வீணாக்காதேங்கோ. உங்கட தோட்டாவில போறது ஈயக் குண்டு. குழலுக்குள்ள ஒட்டுறது ஈயமும், தோட்டாவுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் கோப்பையின்ர படலமும்தான். வெண்கலப் பிரஷும் சாதாரண துவக்கு மருந்தும் காணும். முடிச்சவுடன சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கோ, ஈயம் உடம்புக்குக் கூடாது.

மூதூரிலிருந்து: துடைச்சு வைச்ச அடுத்த கிழமையே உள்ள சிவப்பாக் கிடக்கு. செம்புதானே?

பதில்: இல்லைத் தம்பி, துரு. கடற்கரையில செம்பை விட அதுக்குத்தான் பயப்படவேணும். மருந்து முழுக்கப் போகத் துடைச்சு, மெல்லிசா ஒயில் பூசுங்கோ. தோல் உறைக்குள்ள வைக்காதேங்கோ, வாடைக்காலத்தில ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். சுடமுதல் அந்த ஒயிலையும் துடைக்கவேணும்.

ஒரு மாணவர்: திருகோணமலை ஒஸ்ரன்பேர்க் கோட்டை மாதிரி இடங்களில இருந்த பெரிய பீரங்கிகளுக்கும் இந்தப் பிரச்சினை இருந்ததோ?

பதில்: நல்ல கேள்வி. வரிக்குழல் பீரங்கிக் குண்டைச் சுத்திச் செம்பு வளையம் இருக்கும். வரியில இறுகிக் குண்டைச் சுழற்றுறது அதுதான். அதால குழலில செம்பு ஏறும். வெடிமருந்தோட ஈயமோ தகரமோ கொஞ்சம் சேர்த்தால், அது செம்போட கலந்து நொறுங்கவைக்கும், அடுத்த வெடியோட வெளியில போயிடும். அதுக்கு முந்தின காலத்து, உருண்டை இரும்புக் குண்டு போட்ட பீரங்கிக்கு உந்தக் கரைச்சலே இல்லை.