ஆர்டுயினோ கிட் வாங்கிவிட்டேன், சர்க்யூட் புரியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.காம். படித்துவிட்டு கணக்கர் வேலை பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் மேல் ரொம்ப நாள் ஆசை. ஆர்டுயினோ கிட் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன போர்டும் பாகங்களும்) வாங்கி, வீடியோ பார்த்துச் சில புராஜெக்ட் செய்தேன். அப்படியே செய்தால் ஓடுகிறது. சின்னதாக எதையாவது மாற்றினால் நின்றுவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. டிப்ளமோ சேர வேண்டுமா?

பதில்: வேண்டாம். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியும் (வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்), கூட்டல், வகுத்தலும் போதும். வீடியோவில் காட்டிய துளையில் காட்டிய வயரைச் செருகினீர்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அளந்து பார்க்கவில்லை. சிக்கல் அங்கேதான். ஆர்டுயினோவில் ஒன்று ஓடாவிட்டால் தப்பு புரோகிராமிலா, வயரிலா, பாகத்திலா என்று மூன்று இடத்தில் தேட வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய சுமை. கொஞ்ச நாளைக்கு அந்த போர்டை எடுத்து வையுங்கள்.

முதலில் வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்த சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். கூடவே பிரெட்போர்டு (பாகங்களைத் துளைகளில் செருகி இணைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, அதற்கு கிளிப், சில சிவப்பு எல்இடி, மூன்று நான்கு 555 ஐசி (நேரக் கணக்கில் எல்இடியை மின்ன வைக்கும் சில்லு), மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்கள் 1, 10, 100 மைக்ரோ ஃபாரட் அளவில், மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் 680 ஓம், 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் அளவில். சென்னை என்றால் ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். வேறு ஊர் என்றால் டிவி ரிப்பேர் பார்ப்பவரிடம் கேளுங்கள், பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மீட்டரில் ஒரு எச்சரிக்கை: ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்து பேட்டரியின் இரு முனையையும் தொடாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

முதல் வேலை ஒரே ஒரு எல்இடி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட். 10 மில்லி ஆம்பியர் போனால் போதும் என்று வைத்தால் 7-ஐ 0.01-ஆல் வகுக்க 700 ஓம். கடையில் கிடைக்கும் நெருங்கிய மதிப்பு 680. ரெசிஸ்டரின் நிறம் நீலம், சாம்பல், பழுப்பு. எரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். எல்இடியின் இரு காலுக்கு நடுவில் அளந்து எழுதுங்கள், ரெசிஸ்டருக்கு நடுவிலும் அளந்து எழுதுங்கள். இரண்டையும் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் வர வேண்டும். நீங்கள் கணக்கர், இந்த ஐந்தொகை உங்களுக்குப் பிடிக்கும். ரெசிஸ்டரின் வோல்ட்டை 680-ஆல் வகுத்தால் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்பதும் கிடைத்துவிடும், மீட்டரை ஆம்பியர் பக்கம் திருப்பாமலே.

அடுத்தது 555. 1970-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த ஐசி, இன்னும் விற்பனையில் இருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பிரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இரு பக்கமும் கால்கள் வரும்படி வையுங்கள். ஐசியின் ஒரு முனையில் உள்ள வெட்டு இடப்பக்கம் இருந்தால் கீழ் இடமூலை ஒன்றாம் கால். அங்கிருந்து வலப்பக்கமாகப் போய் மேல்வரிசை வழியே திரும்பினால் எட்டாம் கால். எட்டும் நான்கும் பிளஸ். ஒன்று மைனஸ். இரண்டையும் ஆறையும் சேர்த்துவிடுங்கள். எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் 68 கிலோ ஓம், ஆறிலிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், அதன் பட்டை போட்ட பக்கம் மைனஸில். மூன்றாம் காலிலிருந்து 680 ஓம் வழியாக எல்இடி, அங்கிருந்து மைனஸ். ஐந்தாம் காலை விட்டுவிடலாம். எல்இடி ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை மின்னும்.

இப்போது கெபாசிட்டரை எடுத்துவிட்டு 100 மைக்ரோ ஃபாரட் போடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி ஆகும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை மைனஸிலும் சிவப்பை ஆறாம் காலிலும் பிடியுங்கள். எண் 3-லிருந்து மெல்ல ஏறும். 6-ஐத் தொட்டதும் எல்இடி அணையும், எண் இறங்கத் தொடங்கும். 3-க்கு வந்ததும் மறுபடி எரியும். பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கும் மூன்றில் இரண்டு பங்கும்தான் இந்த ஐசியின் எல்லைகள். பேட்டரியைக் கழற்றி, கெபாசிட்டரின் இரு காலையும் ரெசிஸ்டர் ஒன்றால் இணைத்துக் காலி செய்துவிட்டு மறுபடி இணைத்தால், முதல் முறை மட்டும் எல்இடி அதிக நேரம் எரியும். ஏனென்றால் அந்த ஒரு முறை கெபாசிட்டர் 3-லிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. இந்த ஒரு விஷயத்தை மீட்டரில் பார்த்துப் புரிந்துகொண்டால், காப்பியடித்த பத்து புராஜெக்டைவிட அதிகம் கற்றிருக்கிறீர்கள்.

அப்புறம் இந்த சர்க்யூட்டை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஏழாம் காலுக்கு வரும் இணைப்புகளை, இரண்டு ரெசிஸ்டரும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும்படி, அந்தக் காலிலிருந்து மட்டும் பிரித்துவிடுங்கள். கெபாசிட்டர் காலியாக வழியில்லை. எல்இடி ஒரு முறை எரிந்து அணைந்து அப்படியே கிடக்கும், ஆறாம் கால் 9 வோல்ட்டை நெருங்கி நிற்கும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பிடுங்கினால் எல்இடி எரிந்தபடியே நிற்கும், கெபாசிட்டர் ஏற வழியில்லாததால் ஆறாம் கால் 6 வோல்ட்டை எட்டாது. எந்தக் கோளாறுக்கு எந்த வோல்ட் என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நாளைக்கு ஒன்று ஓடாதபோது முதலில் ஐசியின் காலிலேயே சப்ளை வருகிறதா என்று பார்ப்பீர்கள். பிரெட்போர்டின் ஓரமாக ஓடும் பிளஸ், மைனஸ் பட்டையில் வந்தால் மட்டும் போதாது. சில நீள போர்டுகளில் அந்தப் பட்டை நடுவில் துண்டாக இருக்கும், மீட்டரின் பீப் சத்தத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கைவந்ததும் ஆர்டுயினோவுக்குத் திரும்புங்கள். ஊனோ என்ற ஆர்டுயினோ போர்டின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பதே நல்லது என்ற எண் அப்போது அர்த்தத்தோடு படும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயிலையோ மோட்டாரையோ அதில் நேராக மாட்டக் கூடாது, நடுவில் டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும் என்பதும்.

சால்டரிங்குக்கு, அதாவது பாகங்களை ஈயத்தால் பற்றவைப்பதற்கு, அவசரமே இல்லை. 25 வாட் இரும்பு போதும், ஈயம் கலந்த கம்பி என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

வீட்டு 230 வோல்ட் கரண்ட்டை மட்டும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். பழைய டிவி, சிஎஃப்எல் பல்பு, சார்ஜர் எதையும் பாகத்துக்காகப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பேட்டரி செலவு அதிகமானால், நல்ல நிறுவனத்தின் 5 வோல்ட் போன் சார்ஜரைப் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். 555 அதிலும் ஓடும். எல்லைகள் எந்த வோல்ட்டுக்கு மாறுகின்றன என்பதை முதலில் கணக்கிட்டு, பிறகு அளந்து பாருங்கள்.