காராய் மந்தைக்கு பிகானேரி பொலி ஒட்டகம் வாங்கலாமா?

கேள்வி: குஜராத்தின் கச்சில் கடலோரமாகக் காராய் இன ஒட்டகம் மேய்க்கிறேன். 30 பெட்டை, இணை சேர்க்க ஒரு பொலி (ஆண்). 9 வருடமாக அதே பொலிதான். இப்போது கன்றுகள் சோனியாகப் பிறக்கின்றன, போன வருடம் இரண்டு பெட்டைகள் கரு கலைந்தன. வியாபாரி ஒருவர் நல்ல உயரமான பிகானேரி பொலி இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

பதில்: பொலியை மாற்ற நினைத்தது சரி, மூன்று நான்கு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் பிகானேரி வேண்டாம்.

9 வருடம் என்றால் அதன் மகள்களே வளர்ந்து அதற்கே சினையாகியிருக்கும். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கிற கன்றில் சராசரியாக நாலில் ஒரு பங்கு மரபணு, இரண்டு பக்கமும் அந்தப் பொலியின் ஒரே நகலாக வந்து சேரும், மறைந்து கிடந்த குறையெல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். உங்கள் மந்தை 31 தலை, ஆனால் எல்லாக் கன்றுக்கும் பாதி மரபணு ஒரே பொலியிடமிருந்து வருவதால் மரபணுக் கணக்கில் அது வெறும் 4 தலைக்குச் சமம். அதே 30 பெட்டைக்கு 3 பொலி இருந்தால் கிட்டத்தட்ட 11.

அதற்காக எல்லாப் பழியையும் ரத்த உறவின் மேல் போடாதீர்கள். ஈ கடித்துப் பரவும் சர்ரா நோயாலும் கரு கலையும், புரூசெல்லா என்ற கிருமியாலும் கலையும். முதலில் கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பிகானேரி நல்ல இனம்தான், மணலில் வண்டி இழுக்க. உங்களுடையது ஓதத்தில் நீந்தித் திட்டுக்குப் போய் உப்பேறிய அலையாத்தி இலையைத் தின்று திரும்புகிற ஒட்டகம், அதனால்தான் 2015ல் தனி இனமாகவே பதிவானது. கலப்புக் கன்று அப்படி நீந்துமா, அந்தத் தீனியில் நிற்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீந்தாவிட்டால் தீவனத்துக்குக் காசு கொடுக்கப் போவது நீங்கள்தான், வியாபாரி இல்லை. நாட்டில் 2012ல் 4 லட்சம் இருந்த ஒட்டகம் 2019ல் இரண்டரை லட்சமாகிவிட்டது. ஒற்றைத் திமில் ஒட்டகத்துக்குக் காட்டு மூதாதையும் உலகில் எங்கும் மிச்சமில்லை, கலந்து கரைந்த குணத்தைத் திரும்ப எடுக்கப் போக இடம் கிடையாது.

மாட்டுக்கு மாதிரி சினை ஊசி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். ஒட்டக விந்து பிசின் போல ஒட்டும், உறையவைத்தால் சரியாகத் தேறாது. பெட்டைக்கும் இணை சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளிப்படும். அதனால் பொலியை நேரில் கொண்டுவருவதுதான் வழி.

பரூச் மாவட்டத்தின் அலியாபெட் பக்கம் காராய் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். பக்கத்து மந்தை வேண்டாம், அதுவும் உங்கள் பொலியின் சொந்தமாகவே இருக்கும். உங்கள் கிழட்டுப் பொலிக்குச் சர்ரா, புரூசெல்லா இல்லை என்று தெரிந்தால் அதையே மாற்றாகக் கொடுக்கலாம், அவர்களுக்கு அது புது ரத்தம். வருகிற பொலிக்கு ஆறு வயதாவது ஆகியிருக்கட்டும், தாய் எத்தனை கன்று ஈன்றாள், எவ்வளவு பால் கொடுத்தாள் என்று விசாரியுங்கள். அதற்கும் ரத்தப் பரிசோதனை முடித்து, சொறி இருக்கிறதா என்று பார்த்து, சில வாரம் தனியாகக் கட்டிவைத்து, குளிர் தொடங்கி அது பருவமேறி வாயில் நுரை தள்ளி, தொண்டைச் சவ்வைச் சிவப்புப் பை போல வெளியே தொங்கவிடுவதற்கு முன்பே மந்தையில் சேருங்கள். அப்புறம், சினை 13 மாதம், புதுக் கன்றைப் பார்க்க அடுத்த குளிர்காலத்துக்கும் மேலாகிவிடும், பொறுங்கள்.