கேள்வி – பதில்: 24 வேலி நிலம் தருகிறேன் என்றால் யார்தான் போகமாட்டார்கள்?

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மன்னார்குடி)

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனது தங்கத்துக்காகத்தானே? – கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: தங்கத்துக்காகப் போனவர்களும் உண்டு. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் தென்பட்டதும், சில வருடங்களுக்குள் சுமார் மூன்று லட்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். யூட்டாவுக்குப் போன மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை விரட்டியது மதப் பகை. ஆனால் குடும்பம் குடும்பமாகப் போன பெரும்பாலோருக்கு வேண்டியிருந்தது நிலம்.

என் தாத்தா ஆயுள் முழுக்கக் குத்தகைக்கு உழுதவர். களத்திலேயே மிராசுதாருக்கு நெல்லை அளந்துவிட்டு, மிச்சத்தோடு வீட்டுக்கு வருவார். "சொந்தமா ஒரு மா இருந்தாப் போதும்டா" என்று அவர் சொல்லாத அறுவடை இல்லை. ஜெர்மனியிலும் நார்வேயிலும் ஸ்வீடனிலும் இருந்த ஏழை விவசாயிகளுக்கும் அதே ஏக்கம்தான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலோ நிலம் விலையேறிவிட்டது. 1837இல் வங்கிகள் நொடித்தபோது பலர் கடனில் மூழ்கினார்கள்.

இந்த நிலையில்தான் 1862இல் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். சொற்பக் கட்டணம் கட்டி, வீடு கட்டிக் குடியிருந்து, ஐந்து வருடம் உழுதால் 160 ஏக்கர் சொந்தம். நம் கணக்கில் ஏறக்குறைய 24 வேலி! விதவைகளும் மணமாகாத பெண்களும் கேட்கலாம். குடியுரிமை பெறப்போவதாக எழுதிக்கொடுத்த வெளிநாட்டவரும் கேட்கலாம். கறுப்பின மக்களும் தென்மாநிலங்களின் கொடுமை தாங்காமல் 1879இல் ஆயிரக்கணக்கில் கான்சாஸுக்குப் புறப்பட்டார்கள். அதே காலத்தில் நம் பக்கத்து நிலமற்ற ஜனங்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். பினாங்கில் அவர்களுக்குக் கிடைத்தது அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

அப்புறம் ரயில். 1869இல் கிழக்கையும் மேற்கையும் இணைத்து பாதை போட்டாயிற்று. அரசு கொடுத்த நிலத்தை விற்க, ரயில் கம்பெனிகள் ஐரோப்பா வரை விளம்பரம் செய்து ஆள் பிடித்தன.

கேள்வி: 24 வேலி கிடைத்தவர்கள் எல்லோரும் பண்ணையார் ஆகிவிட்டார்களா? – விவசாயி, வலங்கைமான்

பதில்: இல்லை ஐயா. தண்ணீர் வேண்டுமே! ஒரு வேலி நஞ்சை இருந்தால் நம் ஊரில் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். டகோட்டா, நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் வருடத்துக்கு 20 அங்குல மழைகூடப் பெய்யாது. ஆறும் வாய்க்காலும் எட்டாத தூரத்தில். உழ உழ மழை வரும் என்று பிரசாரம் செய்து ஆளை அழைத்தார்கள், அது நடக்கவில்லை. மரம் இல்லாததால் புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். 1874இல் வெட்டுக்கிளி வந்து வெள்ளாமையைத் தின்றுவிட்டது. ஐந்து வருடம் தாக்குப்பிடிக்காமல் விட்டுப் போனவர்கள் ஏராளம்.

கேள்வி: அதெல்லாம் யாருமில்லாத தரிசு நிலம்தானா? – வாசகர், திருவையாறு

பதில்: யார் சொன்னது? அங்கே பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். 1830இல் அவர்களை வெளியேற்றவே ஒரு சட்டம் போட்டார்கள். 1838இல் செரோக்கி மக்களைச் சிப்பாய்கள் விரட்டியபோது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி லகோட்டா மக்களுக்கே என்று 1868இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 1874இல் அங்கே தங்கம் தென்பட, 1877இல் அதையும் பறித்துக்கொண்டார்கள். நஷ்டஈடு தரவேண்டும் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டா மக்கள் அந்தப் பணத்தை ஏற்கவில்லை. மலையைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.